ஊட்ல கீற பெரிசு

எங்கள் வீட்டுக் கோழிகளைப் புதிதாகப் பார்ப்பவர்கள், இரண்டு வீட்டுக் கோழிகள் ஒன்றாக மேய்கின்றன என்றுதான் நினைப்பார்கள். பெட்டைகள் சின்னவை. இரண்டு கைக்குள் அடங்கிவிடும். சேவல் என் முட்டிக்கு மேல் நிற்கும். பெட்டைகளை வாங்கியவள் என் மகள். சேவல் அந்தோணியாருக்கு நேர்ந்து விட்டது. மகள் வெளிநாட்டு வேலையிலிருந்து திரும்பும் வரை இரண்டும் உயிரோடு இருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது என் பாடு.

திருமழிசையில் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் மதிலை ஒட்டி எங்கள் வீடு. மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனி. பகலெல்லாம் தகடு அடிக்கும் சத்தம். கோழிகளுக்கு அது பழக்கம். ஞாயிற்றுக்கிழமை மிஷின் நின்றுவிட்டால்தான் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்க்கும். வீட்டுக்குப் பின்னால் ஒரு ஆட்டோ நிற்கும் அளவுக்கு இடம். அதில்தான் எல்லாம்.

எனக்குப் பூந்தமல்லியில் குஷன் வேலை. ஆட்டோ சீட், ஷேர் வேன் சீட், ஆட்டோ டாப். வெட்டுவது, தைப்பது, இழுத்து ஆணி அடிப்பது. அதிகம் பேசத் தேவையில்லாத வேலை. எனக்கு ஒத்து வந்தது.

மகள் நர்ஸ் படித்தாள். முதலில் பூந்தமல்லி ரோட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். ஒரு நாள் டியூட்டி முடிந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது டி.வி.எஸ்ஸில் கூடை கட்டி ஒரு ஆள் கோழி விற்றுக்கொண்டு போயிருக்கிறான். சாப்பாட்டுப் பையைக் காலி செய்து அதில் கோழிகளைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். சிறுவிடைக் கோழி, நாட்டுக்கோழியில் சின்ன ஜாதி. அதிலேயே பொடிசு. முட்டையும் பொடிசு.

என் மனைவி பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"இது இன்னாடி, புறாவுக்குக் கொண்ட வெச்ச மாதிரி கீது. ஒரு ஆம்லெட்டுக்கு மூணு முட்ட ஒடைக்கணும்."

"நீ ஒடைக்காதே. பாக்கறதுக்கு வாங்கினேன்."

"பாக்கறதுக்கா? டி.வி. இன்னா ரிப்பேரா?"

டியூட்டி விட்டு வந்ததும் அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகப் பின்பக்கம் போவாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து பா பா என்பாள். அவை அவள் மடியில் ஏறும். ஆஸ்பத்திரியில் நடந்ததை எங்களிடம் சொல்ல மாட்டாள். கோழிகளிடம் சொல்லுவாள். நான் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

சேவல் வந்தது என் மச்சினன் வழியாக. அரக்கோணம் பக்கத்து ஆள் அவன். பெருவிடைக் கோழி, பெரிய ஜாதி, வைத்திருந்தான். பழைய துண்டில் தவிடு போட்டு அதற்குள் நாலைந்து முட்டை கொண்டுவந்தான். எங்கள் பெட்டை ஒன்று அப்போதுதான் அடைக்கு உட்கார்ந்திருந்தது. அதன் அடியில் வைத்தோம். அதன் வயிற்றுக்கு அந்த முட்டைகள் அடங்கவில்லை. இறக்கையை விரித்து விரித்துப் பார்த்தது. ஒன்றுதான் பொரித்தது.

அந்தக் குஞ்சு வளர்ந்த வேகம் எங்கள் யாருக்கும் பிடிபடவில்லை. பூ முடி உதிர்வதற்குள் கால் நீண்டுவிட்டது. பிறகு தாயைவிட ஒரு பிடி உயரம் ஆனது. ஆனால் அதற்கு அது தெரியாது. பொழுது சாய்ந்தால் தாயின் அடியில் தலையை நுழைக்கும். உள்ளே போய் நிமிரும். வண்டிக்கு ஜாக்கி போட்டதுபோல் தாய் மேலே எழும்பும். கால் இரண்டும் அந்தரத்தில் நிற்கும். தாய் ஒன்றும் சொல்லாது. அப்படியே குஞ்சின் முதுகில் உட்கார்ந்துகொண்டு தூங்கும்.

மகள் அதைப் போனில் படம் எடுத்தாள். சிரித்தாள். அதற்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் அவளுக்கு வெளிநாட்டு வேலை வந்தது. சவுதி.

ஏர்போர்ட்டில் நிறைய பேர் அழுதார்கள். என் மனைவியும் அழுதாள். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"ப்பா, கோழிங்கள பாத்துக்கோ. அம்மாவ நம்ப முடியாது. கொழம்பு வெச்சிடும்."

"போய்ட்டு வா" என்றேன்.

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி முகம்கூடக் கழுவவில்லை. அந்தோணியார் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி கொளுத்தினாள். பக்கத்து வீட்டுப் பெண் எங்களுக்குச் சாம்பார் கொண்டுவந்து நின்றாள். அவள் புருஷன் ஷேர் வேன் ஓட்டுகிறவன். வேறு சாமி கும்பிடுகிறவர்கள். என்றாலும் செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலுக்கு அவளும் வருவாள். மனைவி சத்தமாகவே வேண்டிக்கொண்டாள்.

"அந்தோணியாரே, எம் பொண்ணு நல்லபடியா திரும்பி வந்து இந்த வாசப்படிய மிதிச்சான்னா, எங்க ஊட்ல கீற பெரிசை உனுக்குக் குடுத்துடறேன்."

சாம்பார் கிண்ணத்தோடு நின்றவள் கேட்டாள்.

"யக்கா, எந்தப் பெரிசு? மாமாவையா?"

என் மனைவி கண்ணில் தண்ணீரோடு சிரித்துவிட்டாள்.

"இவரு அந்தோணியாருக்கு எதுக்குடி? ஒரு வேளை சோறு தண்டம். நான் சேவல சொன்னேன்."

"பேரு சொல்லி சொல்லணும்க்கா. அவரு பாட்டுக்கு மாமாவ இட்டுகினு பூடப் போறாரு."

எங்கள் பக்கத்தில் வயசான ஆளைப் பெரிசு என்றுதான் கூப்பிடுவார்கள். கடையில் ஆட்டோக்காரப் பையன்கள் எல்லாருக்கும் நான் பெரிசுதான். அதனால் எனக்கும் சிரிப்பு வந்தது. அன்றைக்கு வீட்டில் யாரும் சிரிப்போம் என்று நினைக்கவில்லை.

அப்படித்தான் அந்தச் சேவல் நேர்ந்தது ஆனது. எங்கள் கோயிலில் நேர்ந்த கோழியைக் கெபிக்கு முன்னால், அந்தோணியார் சிலை நிற்கும் குகைக்கு முன்னால், கொண்டுபோய்க் கட்டுவார்கள். பூசை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். எடுத்தவர் வீட்டில் அன்றைக்கே குழம்பு கொதிக்கும். நேர்ந்ததை விற்கக் கூடாது. அறுக்கக் கூடாது. அடிக்கவும் கூடாது என்றாள் மனைவி. அது அவளாகச் சேர்த்துக்கொண்டது.

சேவலுக்கும் அது தெரிந்துவிட்டதுபோல் வளர்ந்தது.

தொல்லை அதற்குப் பிறகுதான். வளர்ந்த சேவல் பெட்டையை மிதிக்கும். அது இயற்கை. ஆனால் இது மிதித்தால் பெட்டை தரையில் காணாமல் போய்விடும். சேவல் மட்டும் ஏதோ பள்ளத்தில் நிற்பதுபோல் தெரியும். இறங்கிய பிறகு பார்த்தால் பெட்டையின் முதுகில் இறகு இருக்காது. ஒவ்வொன்றாக முதுகு மொட்டையானது. பிறகு ரத்தம் கண்டது. ரத்தத்தைப் பார்த்தால் கோழிக்குக் கோழியே கொத்தும். தீனியிலும் அதே கதை. நொய்யைக் கொட்டினால் சேவல் நடுவில் நின்றுகொள்ளும். சின்னவை சுற்றிச் சுற்றி ஓடிவிட்டு மதில் ஓரம் போய் மண்ணைக் கிளறும்.

கடையில் சொன்னேன். டாப் மாற்ற வந்த ஆட்டோக்காரன் வழி சொன்னான்.

"இன்னா பெரிசு, இதுக்குப் போயி மண்ட காயற? சேவல பிரியாணி போடு. இல்ல பொட்டைங்கள போடு. ஏதோ ஒண்ணு. என்ன மட்டும் கூப்டு."

"ரெண்டும் முடியாது."

"அப்ப நீ கோழி வளக்கல. அதுங்கதான் உன்ன வளக்குதுங்க."

சேவலின் காலில் கயிறு கட்டிப் பார்த்தேன். நாள் முழுக்கக் கத்தியது. மகள் போனில் பேசும்போது அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டது. "ப்பா, அது ஏன் அப்டி கத்துது?" என்றாள். அவிழ்த்துவிட்டேன்.

பிரிக்க இடமில்லை. எனவே எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன்.

கடையில் உடைத்துப் போட்ட ஆட்டோவின் பின்சீட் சட்டம் ஒன்று கிடந்தது. இரும்புக் கால், மேலே பலகை. அதைக் கொண்டுவந்து பின்பக்கம் போட்டேன். அதன் அடியில் சின்னவை குனியாமல் போகும். சேவலின் மார்பு இடிக்கும். தீனியைச் சட்டத்துக்கு அடியில் வைத்தேன். சேவலுக்கு வெளியே தனியாகக் கொஞ்சம். முதலில் அது சட்டத்தைச் சுற்றி வந்து சண்டை போட்டது. கழுத்தை நீட்டி உள்ளே விட்டது. எட்டவில்லை. சின்னவை உள்ளே நின்று நிதானமாகத் தின்றன. பிறகு சேவல் அடிக்க வரும்போதெல்லாம் அவை ஓடிப்போய்ச் சட்டத்துக்கு அடியில் நின்றுகொண்டன.

முதுகுக்கு ரெக்சின் தைத்தேன். இறக்கை நுழைய இரண்டு பக்கமும் எலாஸ்டிக் வளையம், கழுத்திலிருந்து வால் வரை ஒரு துண்டு. முதலில் தைத்தது உதவவில்லை. சீட்டுக்குப் போடும் கனமான ரெக்சின் அது. போட்டதும் பெட்டை நின்ற இடத்தில் நின்றது. பிறகு பின்பக்கமாக நடந்தது. பிறகு சாய்ந்து விழுந்தது. செத்துவிட்டது என்று நினைத்தேன். கழற்றியதும் எழுந்து ஓடியது. அடுத்தது பை தைக்கும் மெல்லிய ரெக்சினில் தைத்து, உள்ளே பழைய வேட்டித் துணி கொடுத்தேன். அது சரியாக வந்தது. கடையில் மிச்சம் கிடந்த துண்டுகள்தான். ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்குப் பச்சை, மற்றதுக்குப் புலிக் கோடு.

பக்கத்து வீட்டுப் பெண் இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த சுவர்மேல் எட்டிப் பார்த்துத் தெருவையே கூப்பிட்டாள்.

"எல்லாரும் வந்து பாருங்கடி! மாமா கோழிக்கு சீட் கவர் போட்டுகீறாரு! மாமா, மீட்டரு எப்ப மாட்டப் போற?"

அன்று மாலை மகள் வீடியோவில் வந்தாள். நான் போனைக் கோழிகள் பக்கம் திருப்பினேன். பேசுவதைவிட அது எனக்குச் சுலபம்.

"ப்பா, இன்னா அது முதுவுல?"

"கவர்."

"கோழிக்கா?"

"ம்."

அவள் சிரித்தது எங்கள் வீடு முழுக்கக் கேட்டது. அவளோடு தங்கியிருக்கும் பெண்களைக் கூப்பிட்டாள். ஒரு மலையாளப் பெண் எட்டிப் பார்த்தாள். பின்னால் இன்னும் முகங்கள். "எங்கப்பா தெச்சது. எங்கப்பா தெச்சது" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு "ப்பா" என்றாள். ஏதோ சொல்ல வந்தாள். நெட் போய்விட்டது. நான் போனைப் பிடித்தபடி நின்றேன். திரும்பக் கூப்பிடுவாள் என்று நின்றேன். அவளுக்கு டியூட்டி நேரம்.

ஈஸ்டருக்கு வருகிறேன் என்றாள். மனைவி சணல் கயிறு வாங்கி ஆணியில் மாட்டி வைத்தாள். சேவலின் காலைக் கட்டிக் கொண்டுபோக. லீவு கிடைக்கவில்லை. கிறிஸ்துமஸ் என்றாள். மனைவி கயிற்றை எடுத்து உதறிவிட்டு மறுபடி மாட்டினாள். ஆஸ்பத்திரியில் ஆள் இல்லையாம். அடுத்த ஈஸ்டரும் போனது. கயிற்றில் பல்லி முட்டை வைத்தது.

காலையில் கூண்டைத் திறந்தால் சேவல்தான் முதலில் வரும். அதைப் பார்த்ததும் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். இது இருக்கிறது, அவள் வரவில்லை. மற்ற வீட்டுச் சேவல் கூவினால் விடிந்தது என்று அர்த்தம். எங்கள் சேவல் கூவினால் எனக்கு, இன்னும் வரவில்லை, இன்னும் வரவில்லை என்று கேட்கும். அது போய்விட வேண்டும் என்று நினைப்பேன். நினைத்துக்கொண்டே அதற்குக் கம்பு போடுவேன்.

மகளுக்கு அந்தச் சேவலின்மேல் பிரியம் வந்துவிட்டது. வீடியோவில் வந்தால் முதலில் சின்னவற்றைக் கேட்பாள். அடுத்து, "பெரிசை காட்டு ப்பா" என்பாள். போனில் அதன் கண் பெரிதாகத் தெரியுமாம். வார்டில் ரொம்ப அலுப்பாக இருந்தால் பழைய வீடியோவைப் போட்டு அது தாயைத் தூக்குவதைப் பார்ப்பாளாம். நேர்ச்சையை அவளிடம் நாங்கள் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று மனைவிதான் சொன்னாள். "தெரிஞ்சா வராமலே இருந்துடும். அந்தப் பொண்ணு அப்டித்தான்."

ஒரு வழியாக லீவு கிடைத்தது. டிக்கெட்டைப் போனில் அனுப்பினாள். மனைவி கயிற்றைக் கழுவிக் காயவைத்தாள்.

அவள் வந்தது ஒரு திங்கட்கிழமை. மெலிந்திருந்தாள். வண்டியிலிருந்து இறங்கி வாசப்படியை மிதித்தாள். மனைவி சிலுவை போட்டுக்கொண்டாள். மகள் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு ஷூவோடு நேராகப் பின்பக்கம் போனாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து பா பா என்றாள்.

சின்னவை ஓடின. ஓடிப்போய்ச் சீட் சட்டத்துக்கு அடியில் நின்றுகொண்டு அவளைப் பார்த்தன. மறந்துவிட்டிருந்தன. அவள் மறுபடி கூப்பிட்டாள். குரல் கொஞ்சம் இறங்கியது. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

சேவல்தான் வந்தது. நிதானமாக நடந்து வந்து அவள் ஷூ கயிற்றைக் கொத்தி இழுத்தது. அவள் இரண்டு கையாலும் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். மடி போதவில்லை.

"ப்பா! இன்னா வெயிட்டு!"

திரும்பினாள். அம்மா கையில் கயிற்றோடு நிற்பதைப் பார்த்தாள்.

"அது எதுக்கு?"

என் மனைவி சொன்னாள். நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. கோயில். நேர்ச்சை. எல்லாம் சொன்னாள். மகள் கேட்டுக்கொண்டே சேவலின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"நான் வந்தா இது போவணுமா?"

"நீ வரணும்னுதான் வேண்டிகினேன். சாமிகிட்ட சொன்ன வார்த்த."

"இன்னானு சொன்ன? அப்டியே சொல்லு."

"எங்க ஊட்ல கீற பெரிசை குடுத்துடறேன்னேன்."

நடுச் சுவருக்கு மேலே பக்கத்து வீட்டுப் பெண்ணின் தலை தெரிந்தது. அவள் அங்கேதான் நின்றிருந்திருக்கிறாள்.

"நான் சாட்சிமா. பெரிசுனுதான் சொல்லிச்சி. சேவல்னு சாமிகிட்ட சொல்லல. அப்பவே கேட்டேன், எந்தப் பெரிசுனு. உங்கம்மா என்னத்தான் திட்டிச்சி."

மகள் என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவள் உதட்டோரம் சிரிப்பு வரப் பார்த்தது. கண் மட்டும் சிரிக்கவில்லை. என்னிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தது.

"சாமிகிட்டயே வெளாடுவீங்களா?" என்றாள் மனைவி. கயிற்றை ஆணியில் மாட்டாமல் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் எல்லாரும் போனோம். சேவலையும் பையில் கொண்டுபோனோம். மனைவி விடவில்லை. ஷேர் வேனில் மகள் பையை மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த ஆள், "நாட்டுக்கோழியாம்மா? கிலோ எவ்ளோ?" என்று கேட்டான். அவள் பையை இன்னும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

கோயிலில் வேண்டிக்கொள்ள முழந்தாள் போட்டேன். எங்கள் கோயில் பெஞ்சுகளில் முழந்தாள் பலகைக்கு ரெக்சின் போட்டிருக்கும். ரொம்ப நாள் முன்னால் யாரோ போட்டது. எல்லாம் கிழிந்து, ஃபோம் மாவாகக் கொட்டிக்கொண்டிருக்கும். வாரா வாரம் முழந்தாள் போடும்போது என் கை தானாகக் கிழிசலைத் தடவும். இந்த ஆணி தப்பு, இந்த மடிப்பு தப்பு என்று தோன்றும். யாரிடமும் சொன்னதில்லை. நம் வேலையை நாமே கேட்டு வாங்குவது எனக்கு வராது.

பூசை முடிந்தது. மனைவி கெபிக்கு முன்னால் சேவலைப் பையிலிருந்து எடுத்தாள். காலில் கயிறு கட்டினாள். ஃபாதர் அந்தப் பக்கம் வந்தார். சின்ன வயசுக்காரர். "சோக்கான சேவலா இருக்கே" என்றார். சிரித்தார். மகள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார்.

நான் சொன்னேன்.

"ஃபாதர், நேர்ந்தது பெரிசு. இது சேவல். பெரிசு நான்தான்."

ஃபாதருக்குப் புரியவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் எடுத்துச் சொன்னாள். நன்றாகவே சொன்னாள், கையைக் காலை ஆட்டி. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"சரிங்க. உங்கள வெச்சிகினு அந்தோணியார் இன்னா பண்ணுவாரு?"

"முழந்தாள் பலகைக்கெல்லாம் புதுசா குஷன் போடறேன்."

ஃபாதர் என் மனைவியைப் பார்த்தார். "நேர்ந்தது நீங்கதானேம்மா. நீங்க சொல்லுங்க" என்றார்.

அவள் அந்தோணியார் சிலைப் பக்கம் திரும்பினாள். சுரூபத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சேவல் அவள் காலடியில் உட்கார்ந்திருந்தது. மகள் என் சட்டை முனையைப் பிடித்திருந்தாள். சின்ன வயதில் பஸ்ஸில் பிடிப்பதுபோல். நான் அசையவில்லை. அசைந்தால் விட்டுவிடுவாள்.

கடைசியில் மனைவி சுரூபத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"கேட்டுகினியா? இவருதான் பெரிசாம். எடுத்துக்கோ. வேலைல ஒண்ணும் கொற சொல்ல முடியாது. வாயத்தான் தொறக்க மாட்டாரு."

குனிந்து கயிற்றை அவிழ்த்தாள்.

அடுத்த நாளிலிருந்து கடைக்கு அரை நாள்தான் போனேன். மத்தியானத்துக்கு மேல் கோயில். கருநீல ரெக்சின் எடுத்தேன். மகளும் வந்தாள். வர வேண்டாம், ரெஸ்ட் எடு என்று மனைவி சொன்னாள். "சும்மா உக்காந்துகினு இருந்தா எனக்கு வார்டு நெனப்பு வருது" என்றாள்.

நான் பழைய ஆணியைப் பிடுங்குவேன். அவள் பொறுக்கி டப்பாவில் போடுவாள். நான் ரெக்சினை இழுப்பேன். அவள் மறுமுனையைப் பிடிப்பாள். அவள் பிடி நல்ல பிடி. மடிப்பு விழவில்லை. கட்டுப் போட்டுப் பழகிய கை. வேலை செய்துகொண்டே பேசினாள். அந்த ஊர் வெயிலைச் சொன்னாள். ஒரு கிழவர் தினம் இவளைத் தன் மகளின் பெயர் சொல்லிக் கூப்பிடுவாராம். இவளும் அந்தப் பெயருக்கே திரும்புவாளாம். கோழிகளிடம் சொல்லுவதுபோல் சொன்னாள். இந்த முறை நான் எதிரில் உட்கார்ந்து கேட்டேன்.

ஒரு தடவை கேட்டாள்.

"ப்பா, நீ அங்க போன் பண்ணா ஏன் கோழியவே காட்ற? உன் மூஞ்ச காட்டவே மாட்டேன்ற."

"நீ கோழிய கேட்ட."

"நான் கோழிய கேட்டா கோழியவே காட்டுவியா?"

ரெக்சினை இழுத்துப் பிடித்தேன். ஆணி அடித்தேன்.

அந்த வேலையை நான் ஒரு வாரத்தில் முடித்திருப்பேன். முடிக்கவில்லை. தைத்ததைப் பிரித்துத் தைத்தேன். மடிப்பை நூல் பிடித்துப் பார்த்தேன். ஃபாதர் தாண்டிப் போகும்போது, "பெரிசு, அந்தோணியாருக்கே இவ்ளோ நைஸ் வேணாம்" என்றார். கோயிலில் எல்லாரும் என்னைப் பெரிசு என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

வீட்டிலும் சின்னவை மெதுவாக அவளிடம் வந்தன. பச்சைக் கவர் போட்டதுதான் முதலில். அந்தச் சேவலுக்குத் தாயாக இருந்தது அதுதான். சட்டத்துக்கு அடியிலிருந்து தலையை நீட்டியது. அடுத்த நாள் ஒரு காலை வைத்தது. மடியில் ஏறிய அன்றைக்கு அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கால் மரத்துவிட்டது என்று பிறகு நான்தான் பிடித்து எழுப்பினேன். அதற்குள் லீவு முடியும் நாள் வந்துவிட்டது.

ஏர்போர்ட்டில் இந்தத் தடவை மனைவி அழவில்லை. மகள் அழுதாள். என்னிடம் வந்து நின்றாள்.

"இன்னும் ஒரு பலகை பாக்கி கீதுல்ல?"

"கீது."

"முடிச்சிட்டு போட்டோ அனுப்பு."

நான் தலையாட்டினேன். பிறகு, "மூஞ்சியும் சேத்து அனுப்பறேன்" என்றேன். அவள் அழுகையோடு சிரித்தாள். உள்ளே போனாள். கண்ணாடிக் கதவு மூடி, அவளுக்குப் பின்னால் வேறு ஆட்கள் வந்து, பை எது, தலை எது என்று தெரியாமல் போகும் வரை பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து மனைவி மெழுகுவத்தி கொளுத்தினாள். படத்துக்கு முன்னால் நின்றாள். ஒன்றும் வேண்டவில்லை. வாயைத் திறந்தாள், என்னைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். பிறகு பின்பக்கம் போய்ச் சேவலுக்குக் கம்பு போட்டாள். ஆணியில் கயிறு இல்லை. கோயிலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

அந்தக் கடைசிப் பலகை இன்னும் அப்படியே இருக்கிறது. பின்வரிசை, சுவர் ஓரம். மற்றதெல்லாம் கருநீலத்தில் பளபளக்கும்போது அது மட்டும் கிழிந்து கிடக்கிறது. செவ்வாய்க்கிழமை நான் அங்கேதான் முழந்தாள் போடுகிறேன். ஃபோம் மாவு வேட்டியில் ஒட்டும். ஃபாதர் கேட்டார், எப்போது முடிப்பீர்கள் என்று.

"பொண்ணு வரட்டும் ஃபாதர். அந்தப் பக்கம் பிடிக்க ஆள் வேணும்" என்றேன்.

பொய் இல்லை. ஒற்றை ஆளாக இழுத்தால் மடிப்பு விழும்.

அதற்கு வெட்டிய ரெக்சினை வீட்டுக்குக் கொண்டுவந்து, மழையில் நனையாமல் இருக்கட்டும் என்று சீட் சட்டத்துக்கு அடியில் வைத்தேன். நேற்று பார்த்தால் பச்சைக் கவர் பெட்டை அதைக் கலைத்துப் பள்ளம் செய்து, அதில் அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. அடியில் பொடி முட்டைகள். குஞ்சு தாய் அளவில் வருமா, அந்தச் சேவல் அளவில் வருமா தெரியாது. சேவல் சட்டத்துக்கு வெளியே நின்று கழுத்தை மட்டும் உள்ளே நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

சாயங்காலம் மகள் வீடியோவில் வந்தாள். முதலில் என் முகத்தைக் காட்டினேன். எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவள் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள்.

"பலக முடிஞ்சுதா ப்பா?"

போனைச் சட்டத்துக்கு அடியில் திருப்பினேன்.

"இன்னா ப்பா, அது மேலயா ஒக்காந்துகீது?"

"ம். அடை. எழுப்பக் கூடாது."